ரெண்டு மணி அண்ணன்

நிறுத்தாதம்மா, ஓடட்டும். நான் எட்டிப் பாக்கறேன்னு நீ எதுக்கு ஃபோனை மூடற? மகிழ்வாணன் அண்ணனோட நினைவேந்தலை நான் முழுசா டிவியில பாத்தவ. போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உக்காந்தேன், முடியற வரைக்கும் எந்திரிக்கல. இப்ப நெட்டையா ஒருத்தர் பேசறாரே, அவரு இன்னும் கொஞ்ச நேரத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு பாரு. துடைக்கிறாரா? அவரு அழுதப்ப அந்த அரங்கமே அழுதுச்சு. நான் அழல. இன்னை வரைக்கும் அழல. ஏன்னு கேக்காத, எனக்கும் தெரியல. பல்லுப் புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. தொட்டா தெரியுது, வலிக்கல.

நீ எது வரைக்கும்? நாமக்கல்லா. நான் தொட்டியத்துலயே இறங்கிருவேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஃபோன்ல இருக்கற இந்த அண்ணன் இல்ல, கூடப் பொறந்த அண்ணன். ரெங்கராசுன்னு பேரு, வாழை போட்டிருக்கு. எம் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம், தாய்மாமனை அழைக்கப் போறேன். அழைச்சா வருமான்னு தெரியல. எங்களுக்குள்ள இருபத்தோரு வருசமாச் சரியாப் பேச்சு இல்ல. அது வரலன்னா கல்யாணம் ஒண்ணும் நின்னுறாது. ஆனா எம் பொண்ணு இலக்கியா சொல்லிட்டா, மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்கலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்னு. அவ சொன்னா சொன்னதுதான். என்னை மாதிரி.

வீட்டுக்காரரு கூட வர்றேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். ஏதாவது பேச்சு விழுந்தா எனக்கு மட்டும் விழட்டும்.

நான் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவ. உறையூர்ல வீட்டோட மிஷின் போட்டுக்கிட்டு, காலையில உக்காந்தா விளக்கு வைக்கிற வரைக்கும் அதே வேலை. ரெண்டு மணி ஆனா டிவியில மகிழ்வாணன் அண்ணன் வருவாரு. "வணக்கம் தங்கச்சி"ன்னு நிகழ்ச்சி. நீயெல்லாம் சின்னப் புள்ளை, உனக்கு அவரை சினிமா காமெடியில தெரியும். எங்களுக்கு அவரு ரெண்டு மணி அண்ணன். பொம்பளைங்க ஃபோன் பண்ணுவாங்க, அவரு பேசுவாரு, பாட்டுப் போடுவாரு. என்ன சமைச்சீங்கன்னு கேப்பாரு. வீட்டுல இருக்கற ஆம்பளைங்க யாராவது கேக்கறாங்களா, என்ன சமைச்சன்னு? தட்டுல விழுந்தாத்தானே பாக்கறாங்க.

எனக்கு லைன் கிடைக்கறதுக்குப் பதினோரு மாசம் ஆச்சு. டெய்லி அடிப்பேன், டெய்லி பிசின்னு வரும். கிடைச்ச அன்னைக்கு நான் மிஷினை நிறுத்திட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். "தங்கச்சி பேரு என்ன"ன்னாரு. தனபாக்கியம்னேன். "என்ன குழம்பு"ன்னாரு. மொச்சைக்கொட்டைக் குழம்புன்னேன். "அப்ப அண்ணனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைம்மா"ன்னாரு. பின்னாடி எம் பொண்ணு அழுவுற சத்தம் கேட்டுச்சு. யாருன்னாரு. பொண்ணுண்ணே, மூணு வயசு ஆகப் போவுது, இன்னும் காது குத்தலைன்னேன். அப்ப சொன்னாரு பாரு. "காது குத்தும்போது சொல்லு தங்கச்சி, மாமன் நான் வந்துர்றேன்." டிவியில, ஊர் உலகமெல்லாம் கேக்க.

நீ சிரிக்கிற. சிரி. எல்லாரும் சிரிச்சாங்க. அவரு எல்லாருக்கும் அப்படிச் சொல்றவரு இல்லம்மா. நான் பாத்திருக்கேன்ல, சில பேருக்கு நன்றி வணக்கம்னு சொல்லி வச்சுருவாரு.

சமயபுரத்துல காது குத்தினோம். பத்திரிகை அடிச்சதுல முதல் பத்திரிகை அவருக்குத்தான், டிவி ஆபீசு விலாசத்துக்கு. ரெங்கராசண்ணனுக்கு நேர்ல போயி வச்சோம். அது மனசு நிறைஞ்சு வாங்குச்சு, இல்லைங்கல. மகிழண்ணன் வரல. அவருக்கு எத்தனை வேலை. ஆனா கூரியர்ல ஒரு போட்டோ வந்துச்சு, கையெழுத்துப் போட்டு. "அன்புத் தங்கைக்கு"ன்னு எழுதியிருந்துச்சு. பேரு எழுதல, அவசரத்துல விட்டிருப்பாரு. நான் அதைக் கண்ணாடி போட்டு எடுத்துக்கிட்டு சமயபுரம் போனேன்.

அன்னைக்கு நல்ல முகூர்த்தம், மண்டபத்துல காது குத்தற புள்ளைங்க வரிசையா. எங்க அண்ணன் தட்டு வரிசையோட வந்துச்சு. தோடு, பட்டுப் பாவாடை, பழம், எல்லாம். புதுவேட்டி கட்டி மணையில உக்காந்து பாப்பாவை மடியில வச்சிருந்துச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் எந்திரிச்சு நில்லு, மகிழண்ணன் போட்டோவை மணையில வச்சு ஒரு படம் எடுத்துக்கறேன், டிவிக்கு அனுப்பணும்." அது எந்திரிச்சுச்சு. மணையில போட்டோவைச் சாய்ச்சு வச்சு, அதுக்கு முன்னாடி பாப்பாவை உக்கார வச்சேன். கேமராக்காரரு இப்படித் திரும்பு அப்படித் திரும்புன்னுட்டு இருக்காரு. காது குத்தற ஆசாரிக்குப் பின்னாடி பதினஞ்சு புள்ளைங்க நிக்குது. புள்ளை உக்காந்திருக்கா, காது இருக்கா, அவரு குத்திட்டாரு. ரெண்டு காதும். பாப்பா கத்துது. எங்க அண்ணன் தோட்டு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு ஓரமா நிக்குது.

ஆசாரி பண்ணினதுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லு. அவரு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

தோட்டு டப்பாவைத் தட்டுல வச்சுட்டு எங்க அண்ணன் வெளிய போச்சு. கை கழுவப் போவுதுன்னு நினைச்சோம். இலை போட்டுக் காத்திருந்தோம், வரல. அண்ணியும் எந்திரிச்சுட்டாங்க. சாப்பிடாமப் போயிட்டாங்கம்மா, தங்கச்சி வீட்டு விசேஷத்துல கை நனைக்காம. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு மனுசன் இவ்வளவு கோவிச்சுக்கலாமா? எங்க அண்ணனுக்குச் சின்னதுலேர்ந்தே பிடிவாதம் ஜாஸ்தி.

அந்தப் படம் நல்லா வந்துச்சு. டிவிக்கு அனுப்பினேன், காட்டல. இன்னொரு காப்பி எங்க வீட்டு ஹால்ல இருக்கு. ஓரத்துல டப்பாவோட ஒரு கை மட்டும் விழுந்திருந்துச்சு, அதை வெட்டிட்டு ஃபிரேம் போட்டேன்.

இலக்கியா பெரியவளானப்ப சீர் எல்லாம் வந்துச்சு. பட்டு, கொலுசு, ஒண்ணும் குறை வைக்கல. அண்ணி எடுத்துட்டு வந்தாங்க. அது வரல. வாழைக்குத் தண்ணி பாய்ச்சற முறைன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். எனக்கு அண்ணன் இல்லாத குறை தெரியல, அதையும் சொல்லிர்றேன். ரெண்டு மணி ஆனா ஒருத்தரு வந்துருவாருல்ல. நான் அவரு வர்றதுக்கு முன்னாடி சோறு தின்னதே இல்ல.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க, தொட்டியம். இந்தாங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன். ஆங், அவரு போனது. செவ்வாக்கிழமை பன்னெண்டரை மணிக்கு டிவியில கீழே எழுத்து ஓடுச்சு. நெஞ்சுவலின்னு போட்டாங்க. நான் ஒரு மாம்பழக் கலர் சேலைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அடிச்சு முடிச்சேன். நூலைக் கடிச்சேன். மடிச்சு வச்சேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டேன். அடுப்பு பத்த வைக்கல, விளக்கு ஏத்தல, வாசல்ல கோலம் இல்ல. அண்ணன் செத்தா தங்கச்சி தீட்டுக் காக்க வேணாமா? எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன். மறுநாள் காலையில பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "எனக்குக் காப்பியாவது உண்டா, இல்ல அதுக்கும் தீட்டா"ன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் ஹோட்டல்ல பொட்டலம் வாங்கிட்டு வந்து வைப்பாரு. நான் ரெண்டு வாய் எடுப்பேன், அதோட சரி.

இலக்கியாவுக்குத்தான் கோவம். "எம் மாமா நல்லாத்தானே இருக்காரு, நீ யாருக்குத் தீட்டுக் காக்கற"ன்னா. கல்யாணம் வச்ச வீட்டுல இப்படி உக்காந்தா நல்லாவா இருக்குன்னா. ஞாயித்துக்கிழமை நினைவேந்தல்னு டிவியில போட்டிருந்தாங்க, அது முடியட்டும்னு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை நாலு மணி. அந்த அரங்கத்தைப் பாத்தேல்ல, எவ்வளவு பெருசு. அவரு படம் மூணு மாடி உயரத்துக்கு. பூ, பூ, ஒரே பூ. பெரிய பெரிய ஆளுங்க வந்து பேசினாங்க. எம் புள்ளையைப் படிக்க வச்சாருன்னு ஒருத்தர், எனக்கு முதல் வாய்ப்பு குடுத்தாருன்னு ஒருத்தர். அப்புறம் கூட்டத்துக்குள்ள மைக்கைக் குடுத்தாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு பொம்பளை எந்திரிச்சு, "அண்ணன் என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டாரு"ன்னு அழுவுது. அடுத்ததும் அதையேதான் சொல்லுது. தேனியிலேர்ந்து வந்திருக்கேன், என் மகன் காது குத்துக்கு வர்றேன்னு டிவியில சொன்னாரு, கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பினாருன்னு ஒருத்தி. கையில அதே போட்டோ. அதே எழுத்து, "அன்புத் தங்கைக்கு."

நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கோவம் வரும்னு பாத்தேன், வரல. அழுகை வரும்னு பாத்தேன், அதுவும் வரல. விளம்பரம் வந்துச்சு. சோப்பு விளம்பரம். அதையும் பாத்தேன்.

அப்பத்தான் வாசல்ல யாரோ நிக்கிறாப்ல இருந்துச்சு. எங்க அண்ணன். கையில டிபன் கேரியர். இலக்கியா ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கா, அம்மா அடுப்பே பத்த வைக்கல மாமா, சாப்பிடாமக் கிடக்குன்னு. துக்க வீட்டுக்குச் சொந்தக்காரங்கதானே சோறு கொண்டு வரணும். அண்ணி ஆக்கிக் குடுத்திருக்காங்க, அது தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு.

வான்னு நான் கேக்கல. அந்த நேரம் பாத்து டிவியில மகிழண்ணனோட சொந்தத் தங்கச்சி மைக்கை வாங்கறாங்க. அவருக்குத் தங்கச்சி இருக்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். சாதாரண நூல் சேலை, கழுத்துல ஒண்ணும் இல்ல. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "எங்க அண்ணன் எங்க வீட்டுக்கு வந்து ஒன்பது வருசம் ஆச்சு. ரெண்டு மணிக்கு டிவி போட்டுப் பாத்துக்குவேன். நானும் உங்கள மாதிரிதான்"ன்னாங்க. அவ்வளவுதான், உக்காந்துட்டாங்க. கூட்டத்துக்கு என்ன புரிஞ்சுச்சோ, கை தட்டுச்சு.

செத்த வீட்டுல அப்படிப் பேசலாமா? அண்ணன் வரலன்னா இவங்க போயிப் பாத்திருக்கணும். தங்கச்சிதானே விட்டுக் குடுத்துப் போகணும். குறை சொல்ற இடமா அது?

எங்க அண்ணன் எனக்குப் பக்கத்துல தரையில உக்காந்து கேரியரைப் பிரிச்சுச்சு. எங்க வீட்டுல தட்டு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது, அதுவே தேடி எடுத்துருச்சு. சோறு, கத்திரிக்காக் குழம்பு, ரசம். "சாப்பிடு, இல்லாட்டி உனக்குத் தலைவலி வந்துரும்"னுச்சு. எனக்குப் பசிச்சா தலைவலி வரும். அது எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. நான் டிவியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். ரசம் ஊத்தவான்னு கேட்டுச்சு, தலையாட்டினேன்.

"என்ன வயசு அவருக்கு"ன்னு கேட்டுச்சு. அறுபத்தொண்ணுன்னேன். "என்னைய விட ஒரு வயசு சின்னவரு"ன்னுச்சு. அடுத்த விளம்பரத்துல கல்யாண விசயத்தை எடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பழைய நிகழ்ச்சியெல்லாம் தொகுத்துப் போட ஆரம்பிச்சாங்க. என் குரல் வருமான்னு பாத்தேன், மொச்சைக்கொட்டைக் குழம்பு. வரல. யார் யார் குரலோ வந்துச்சு.

விளம்பரம் வந்து நான் திரும்பினா ஆள் இல்ல. கேரியர் இல்ல. நான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு தெருமுனை வரைக்கும் கூடப் போயிருக்காரு. என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எங்க நிக்கும்னு கேட்டாரு"ன்னாரு.

இதுலதாம்மா எனக்குக் குழப்பம். நாலு நாளா இதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். துக்க வீட்டுக்கு வர்றவங்கள வாங்கன்னு கேக்கறதில்ல. போறவங்களும் போயிட்டு வர்றேன்னு சொல்றதில்ல, பேசாம எந்திரிச்சுப் போயிருவாங்க. உங்க ஊர்லயும் அப்படித்தானே? முறையைப் பாத்தா அன்னைக்கு எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. நான் வான்னு கேக்கல, அது வர்றேன்னு சொல்லல. ஆனா மனசுல கோவம் இருக்கறவங்களும் இப்படித்தானே வந்து போவாங்க. சமயபுரத்துலேர்ந்தும் அது சொல்லாமத்தானே போச்சு. என் துக்கத்தை மதிச்சு சொல்லாமப் போச்சா, இல்ல இவ கிட்ட என்ன சொல்றதுன்னு போச்சா. ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணு போலவே இருக்கு.

இலக்கியா கிட்ட கேட்டேன். "நீ அது மூஞ்சியைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. பேச்சைப் பாரு. நான் எப்படிப் பாக்கறது, நிகழ்ச்சி ஓடிக்கிட்டு இருக்கு.

முசிறி தாண்டிட்டமா? அப்ப வந்துரும். பையைக் கொஞ்சம் புடி, செருப்பைப் போட்டுக்கறேன். தட்டுல வைக்க வெத்தலை பாக்கு, மஞ்சள், அண்ணிக்குச் சேலை, அதுக்கு வேட்டி துண்டு. சேலைக்கு ஃபால்ஸ் நானே தைச்சேன். என்ன பேசணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். நீ வந்து நின்னாத்தான் எம் பொண்ணு மணையில உக்காருவா, அப்படின்னு ஆரம்பிக்கலாம்னு. மணைன்னு வாயில வந்ததுமே நின்னு போச்சு. மேல போகல. அப்ப மட்டும் அந்தப் பல்லு ஊசி விட்டாப்ல லேசா வலிச்சுச்சு. அப்புறம் அதுவும் போயிருச்சு.

இலக்கியா காலையில மாமாவுக்கு ஃபோன் பண்ணிட்டா, அம்மா பத்து மணி பஸ்ல வருதுன்னு. ஸ்டாப்பிங்ல நிக்கிறேன்னு சொல்லுச்சாம். வேற எதுவும் சொல்லலையாம். வந்து நிக்கிறேன்னா நல்லதுதானே? வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாதுன்னு அங்கேயே பேசி அனுப்பறதுக்கும் வந்து நிக்கலாம். தெரியல. போனாத்தான் தெரியும்.

இதுதான், இந்தப் புளியமரம். கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்க, நான் பாக்கறேன்.

மூணு பேரு நிக்கிறாங்க. மூணு பேரும் வெள்ளை வேட்டி. வெயிலுக்குத் தலையில துண்டு போட்டிருக்காங்க. ஒருத்தரு தடி ஊனியிருக்காரு. எங்க அண்ணன் தடி ஊனாது. ஊனுமோ என்னவோ. அன்னைக்குக் கையில கேரியர் இருந்துச்சு, அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. மீசை வச்சிருந்துச்சா? தலை நரைச்சிருந்துச்சா? அந்த ஃபோன்ல இருக்கறவருக்கு எந்தப் பக்கம் முதல்ல நரைச்சுதுன்னு கேளு, சொல்றேன். அரை மணி நேரம் என் பக்கத்துல உக்காந்து ரசம் ஊத்துச்சும்மா. இந்த மூணு பேருல எது எங்க அண்ணன்னு எனக்குத் தெரியல.

அண்ணேன்னு கூப்பிட்டா மூணு பேருமே திரும்புவாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாது, என்னை விடப் பத்து வயசு மூத்தது.

இறங்கணுங்க, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, வயசானவ.

குடும்மா அந்தப் பையை. நான் யாரையும் கூப்பிடப் போறதில்ல. இறங்கி அந்த மரத்துக்கிட்ட சும்மா நிப்பேன். அதுக்கு என்னைத் தெரியும்.